ஆனந்தராசாவின் எண்பத்தோராவது டிவிசன்

ஆனந்தராசா சீருடையைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிற மனிதர். 1986இல், இருபது வயதில், கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். ஏன் வந்தாய் என்று கேட்ட அதிகாரிக்கு அவர் சொன்ன பதில் இரண்டே சொல்: "ஆமி, ஐயா." மொழிபெயர்ப்பாளர் அதை ஒன்றரைப் பக்கத்துக்கு விரித்துக் கொடுத்தார். அதன்பிறகு முப்பத்தெட்டு வருடங்களாக, தொப்பி போட்ட எவரோடும் அவர் தேவைக்கு மேல் கதைத்ததில்லை. ரயிலில் டிக்கெட் பார்க்க வருபவர் இரண்டு பெட்டி தள்ளி நிற்கும்போதே டிக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு முழு ராணுவ டிவிசனுக்குப் பொறுப்பானார். அதுவும் மேற்கு ஆப்பிரிக்க டிவிசன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மண்டபம்.

டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வருகிற ஒரு சிறிய பட்டினத்தில் அவரும் மனைவி குணேஸ்வரியும் இருக்கிறார்கள். ஆனந்தராசாவுக்குக் குளியல் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. முடிந்து வருகிற தொட்டியின் வெள்ளைப் பூச்சில் விரலை ஓட்டி, மயிரிழை வெடிப்பையும் குண்டூசி முனை அளவு குமிழியையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். இருபத்தாறு வருடமாக அதே வேலை. குணேஸ்வரி ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக் குசினியில் இருக்கிறார். நாளொன்றுக்கு முந்நூற்றிருபது சாப்பாடு. ஒரே மகள் கம்சனா, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர்.

2023 கடைசியில் கம்சனாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. தாலி கட்டுவது கோயிலில், வரவேற்பு ஊர் மண்டபத்தில் என்று தீர்மானமானது. மண்டபம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனந்தராசா வெளிக்கிட்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மிகவும் தன்மையானவர்.

"மண்டபம் இந்த ஊரில் பதிவு செய்த சங்கங்களுக்கு மட்டும்தான், ஐயா."

"நாங்கள் இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் பதிவு செய்துதான் இருக்கிறோம்."

"ஆனால் நீங்கள் சங்கம் இல்லையே."

"குடும்பம்."

"குடும்பம் சங்கம் ஆகாது," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. பிறகு சுவரில் தொங்கிய பட்டியலைக் காட்டினார். ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் வருடத்தில் ஒரு நாள் மண்டபத்தைச் சொந்த விசேடத்துக்கு எடுக்கலாமாம்.

அன்று மாலை கணவனும் மனைவியும் பட்டியலைப் படம் எடுத்த கைத்தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆண்கள் பாட்டுக் குழு. ஆனந்தராசா பாடினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். முயல் வளர்ப்போர் சங்கம்.

"பல்கனியில முயல் நிண்டால் நான் வீட்டில நிக்கமாட்டன்," என்றார் குணேஸ்வரி.

துப்பாக்கி சுடுவோர் சங்கம். ஆனந்தராசா அந்த வரியைத் தாண்டும்போது விரலைக்கூட அதில் படாமல் எடுத்துக்கொண்டார். கடைசியாக ஒன்று மிஞ்சியது: சிற்றுருவ நண்பர் சங்கம். உறுப்பினர்கள் ஆறு பேர். தீயணைப்பு நிலையத்தின் நிலக்கீழ் அறையில் வியாழன்தோறும் கூட்டம்.

"சிற்றுருவம் எண்டால் என்ன?"

"சின்னப் பொம்மையளாக்கும். மரத்தில ஆடு, மாடு செய்வினம்," என்றார் ஆனந்தராசா.

சேர்வதற்கு ஒரு அந்த்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டியிருந்தது. இந்த நாட்டில் எத்தனையோ அந்த்ராக் நிரப்பியவர் அவர். எந்தப் படிவத்துக்கும் ஒரே நடைதான் அவருக்குத் தெரியும். "ஏன் எமது சங்கத்தில் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்குக் கீழே நல்ல ஜேர்மனில் எழுதினார்: "எனக்கு வேறு போக்கிடம் இல்லை. என் நிலைமையை உணர்ந்து விண்ணப்பத்தைக் கருணையோடு பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேவையான ஆதாரங்களைப் பின்னர் சமர்ப்பிப்பேன்."

சங்கத் தலைவர் ஹெர் போல்மன், ஓய்வுபெற்ற நில அளவை அதிகாரி. எழுபத்திரண்டு வயது. ஒரு அறைக்குள் வந்தால் இருக்க முன்னம் அதன் நீள அகலத்தைக் கண்ணால் எடுத்துவிடுவார். அவர் அந்த விண்ணப்பத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

"முப்பத்தொரு வருடமாக நான் தலைவர். இவ்வளவு ஆர்வத்தோடு யாரும் இங்கே வந்ததில்லை," என்றார்.

ஆனந்தராசாவை ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அவர் அறையின் அலுமாரிகளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஆடும் இல்லை, மாடும் இல்லை. விரலில் பாதி உயரத்தில் ஆயிரக்கணக்கான பட்டாளத்தார், துவக்கை நீட்டிக்கொண்டு, அவரையே குறிபார்த்து நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது குணேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்து, இஞ்ச ஆமிக்கு வர்ணம் அடிக்கப் போறியளோ?"

"ஆறு மாசம்தானே. மண்டபம் கிடைச்சவுடன விட்டிடுவன்."

அந்த வருடம் சங்கத்தின் திட்டம் "பர்மா, 1944". நவம்பரில் பக்கத்துப் பட்டினத்தில் சங்கங்களுக்கிடையே போட்டிக் கண்காட்சி. காடு, ஆறு, மலை எல்லாம் வைத்து ஒரு மேசையில் ஒரு போர்க்களம். யப்பானியரை ஒருவர் முன்னமே எடுத்துவிட்டார். பிரித்தானியர் இன்னொருவருக்கு. யானைகளும் கோவேறு கழுதைகளும் எண்பது வயதான ஓர் உறுப்பினருக்கு. அவர் மிருகங்கள் மட்டும்தான் செய்வார். மிஞ்சியது 81ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிசன். அதற்குத் தயாராக வார்த்த உருவம் எந்தக் கடையிலும் கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் திருத்த வேண்டும். அதனால் அது புதியவருக்கு வந்தது.

போல்மன் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். குடும்ப மரம் போலக் கிளை விட்ட படம். மேலே டிவிசன். அதன் கீழே மூன்று பிரிகேட். ஒவ்வொரு பிரிகேட்டுக்கும் மூன்று பட்டாலியன். 1943இல் நைஜீரியாவில் வைத்து உருவாக்கி, கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்றார். நைஜீரியாக்காரர் ஒரு பிரிகேட். இன்றைக்குக் கானா என்கிற கோல்ட் கோஸ்ட் ஆட்கள் இன்னொன்று. மூன்றாவதில் காம்பியா, சியரா லியோன், நைஜீரியா மூன்றும் கலப்பு.

"இந்த நைஜீரியா பிரிகேட்டை நீங்கள் செய்ய வேண்டாம்," என்று ஒரு கிளையில் கோடு போட்டார் போல்மன். "அதை வந்தவுடனேயே வேறொரு படைக்குக் கொடுத்துவிட்டார்கள்."

"கொடுத்துவிட்டார்கள் என்றால்?"

"யப்பானியரின் பின்பக்கத்தில் சண்டை செய்யப் போன படைக்கு. திரும்பி வரவில்லை. அதாவது, டிவிசனுக்குத் திரும்பி வரவில்லை."

இதை ஆனந்தராசா வீட்டில் விளங்கப்படுத்தியபோது குணேஸ்வரிக்கு உடனே பிடிபட்டது. "கலியாண வீட்டுக்கெண்டு மூண்டு கிடாரம் எடுத்துவைக்க, சமைக்க முன்னம் ஒண்டை ஆரோ இரவல் கொண்டுபோன மாதிரி."

வேலை தொடங்கியது. ஆனந்தராசா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: அவருக்கு அது வந்தது. இருபத்தாறு வருடம் குமிழி தேடிய கண்ணும், நடுங்காத விரலும் அந்த நிலக்கீழ் அறையில் வேறு எவரிடமும் இல்லை. ஒரு உருவத்தின் உயரம் இருபத்துநான்கு மில்லிமீற்றர். சங்கத்து மற்றவர்கள் கண்ணுக்கு ஒரு புள்ளி வைப்பார்கள். ஆனந்தராசா இமையே வரைந்தார்.

ஆளைத் திணறடித்தது அந்த டிவிசனின் சின்னம். மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு கறுப்புச் சிலந்தி. சட்டைக் கையின் மேற்புறத்தில், தோளுக்குக் கிட்ட வரவேண்டும். உருவத்தின் அளவுக்குச் சுருக்கினால் முழு வட்டமும் ஒரு மில்லிமீற்றர் வராது. அதற்குள் எட்டுக் கால். தூரிகையில் ஒரேயொரு மயிரை விட்டு மற்றதையெல்லாம் கத்தரித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, இரவு உணவுக்கு முன் இரண்டு சிலந்தி, பின் ஒன்று என்று வரைந்தார்.

தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொட்டிகளைத் தூக்கிவிடுகிற லமின் காம்பியாக்காரன். முப்பத்துநான்கு வயது. ஆனந்தராசா தன் முதல் காம்பியா வீரனைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினார்.

லமின் நெடுநேரம் உற்றுப் பார்த்தான். "தோளில் என்ன, ஊத்தையா?"

"சிலந்தி. உங்களுடைய கதைகளில் ஒரு கெட்டிக்காரச் சிலந்தி வருமாமே. அதுதான் சின்னம்."

"அது கானாக்காரருடைய கதை. எங்கள் வீட்டில் சிலந்தி வந்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பார்."

"உங்கள் ஊரிலிருந்து ஒரு முழுப் பட்டாலியன் பர்மாவுக்குப் போயிருக்கிறது, தெரியுமா?"

"நான் இங்கே வந்ததே வேலைக்கு, ராசா," என்றான் லமின். "பர்மா எங்கே இருக்கிறது?"

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மண்டபம் கிடைத்தது. சங்கத்து ஆறு பேரும் வரவேற்புக்கு வந்தார்கள். முந்நூற்றெண்பது விருந்தாளிகள். குசினியிலிருந்து மண்டபத்துக்குத் தட்டுகள் போகிற வழி, வெறும் தட்டுகள் திரும்புகிற வழி, குழந்தைகளுக்கு உறைப்பில்லாத கறி நிற்கிற இடம், எல்லாம் குணேஸ்வரியின் கட்டளையில் நடந்தது. அவர் பட்டுச் சேலையோடு குசினி வாசலில் நின்று கையை மட்டும் அசைத்தார். போல்மன் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவியை அறிமுகம் செய்ய வந்த ஆனந்தராசாவிடம் இரகசியமாகக் கேட்டார்: "உங்கள் மனைவி எங்கே பயிற்சி எடுத்தவர்?"

அடுத்த நாள் காலை, தோரணம் கழற்றி முடிந்ததும், குணேஸ்வரி சொன்னார்: "சரி, அலுவல் முடிஞ்சுது. இனி உந்தச் சங்கத்தை விட்டிட்டு வாங்கோ."

ஆனந்தராசா தேத்தண்ணியைக் குடித்தார்.

"என்ன?"

"உடன ஏலாதப்பா. காம்பியாக்காரர் ஐம்பத்திரண்டு பேர் பாதியில நிக்கினம். கனபேருக்கு இன்னும் கால் ஒட்டேல்லை."

குணேஸ்வரி சாப்பாட்டு மேசையைத் துடைக்கும்போது பட்டாளத்தைக் கொஞ்சம் பலமாகத் தள்ளி வைத்தார்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை. ஆனந்தராசா சுமைகாரர் செய்துகொண்டிருந்தார். போல்மனின் திட்டப்படி நூற்றிருபது போர்வீரர், அவர்களோடு அடையாளத்துக்குப் பத்துச் சுமைகாரர். குனிந்து நிற்கிற உருவங்களை எடுத்து, துவக்கை வெட்டியெறிந்துவிட்டு, தலையில் சின்ன மூட்டை வைத்து ஒட்டியிருந்தார். குணேஸ்வரி மேசையைத் துடைக்க வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, இவன் விழப்போறான்."

"வடிவா ஒட்டியிருக்கிறன். விழமாட்டான்."

"ஒட்டினது தெரியுது. நடந்தால் விழுவான் எண்டுறன். கழுத்தைப் பாருங்கோ. தலையில பாரத்தை வைச்சுக்கொண்டு ஆரும் நிலத்தைப் பாத்து நடப்பினமே? கண் நேர பாக்கோணும். நிலத்தைக் கால்தான் தேடிப் பிடிக்கும். முழங்கால் சாடையா மடங்கும். ஒரு கை மேல, மற்றது இப்பிடி, உடம்பை விட்டு வெளிய."

சொல்லிக்கொண்டே குசினிக்குள் போய், ஐந்து கிலோ பருப்புப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு யன்னல் வரை நடந்து காட்டினார். பை அசையவில்லை.

"உது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தொண்ணூத்தைஞ்சில யாழ்ப்பாணத்திலயிருந்து சாவகச்சேரி மட்டும் நடந்தன்தானே. தலையில அரிசிப் பையும், அதுக்கு மேல அம்மான்ர தையல் மெசினின்ர மேல் பாதியும்."

அந்த இடப்பெயர்வைப் பற்றி ஆனந்தராசாவுக்குத் தெரியும். மழை, சனம், பாலத்தில் நெரிசல், ஒரு இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றது, எல்லாம் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். தையல் மெசினைப் பற்றிச் சொன்னதில்லை.

"மேல் பாதி மட்டுமோ?"

"கீழ்ப் பாதி இரும்பு. ஆர் தூக்குறது?"

"கீழ்ப் பாதி இல்லாமல் மேல் பாதியை வைச்சு என்ன செய்யிறது?"

"அதைத்தான் சாவகச்சேரியில வைச்சு அம்மாவும் கேட்டவ," என்றார் குணேஸ்வரி.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்கினார். பிறகு குணேஸ்வரி பையை இறக்கிவைத்துவிட்டு, கதிரையில் இருந்து, பின்கழுத்தைக் கையால் தடவினார். ஆனந்தராசா பிளேட்டை எடுத்துப் பத்துப் பேரின் கழுத்தையும் அறுத்து, குணேஸ்வரி சொல்லச் சொல்ல நிமிர்த்தி ஒட்டினார்.

பத்தாவது கழுத்து நிமிர்ந்ததும் அடுத்த கேள்வி வந்தது.

"இந்த நூற்றிருபது பேருக்கும் சாப்பாடு ஆர் கொண்டுவந்தது?"

"இந்தப் பத்துப் பேர்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. என்ர பள்ளிக்கூடத்தில முந்நூற்றிருபது பிள்ளையளுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கே லொறி வருது. அதுவும் தார் றோட்டில. இவை காட்டுக்குள்ள. சாப்பாடு, குண்டு, மருந்து, கூடாரம், காயம்பட்ட ஆக்கள். பத்துப் பேரோ?"

ஆனந்தராசா போல்மனுக்குத் தொலைபேசி எடுத்தார். போல்மன் நேரிலேயே வந்துவிட்டார். தாளை விரிக்க முன்னம் குணேஸ்வரி வடையை வைத்தார். மூன்றாவது வடைக்குப் பிறகு விவாதம் தொடங்கியது. குணேஸ்வரியின் ஜேர்மன் பள்ளிக்கூடக் குசினியில் கற்ற ஜேர்மன். சுருக்கமானது, எதிராளி குறுக்கே பேச இடம் கொடுக்காதது.

"சுமைகாரர் ஆயுதம் இல்லாதவர்கள், ஃப்ரவ் ஆனந்தராசா. போரிடும் பலத்தில் அவர்கள் கணக்கில் வருவதில்லை."

"சாப்பிடும் பலத்தில்?"

"இந்த டிவிசனுக்குப் பொருட்கள் விமானத்தில் வந்தன. ஆகாயத்திலிருந்து பரசூட்டில் போட்டார்கள். அந்த வகையில் முன்னோடியான டிவிசன்."

"ஆகாயத்திலிருந்து விழுகிற மூட்டை நேராகச் சட்டிக்குள்ளேயா விழும்?"

போல்மன் நான்காவது வடையைக் கையில் பிடித்தபடியே எழுந்து வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒரு கட்டுப் பிரதியோடு திரும்பி வந்தார். மூன்று இரவு வாசித்த கண்கள். நில அளவைக்காரன் தன் அளவு பிழைத்தால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வாசலில் நின்றபடியே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு பிரிகேட்டோடும் சுமைகாரருக்கென்றே ஒரு துணைப்பிரிவு இருந்ததாம். ஆயிரக்கணக்கானோர். வாகனமும் கழுதையும் ஏற முடியாத மலைக்காடு என்பதால் ஆளுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் தலையில் ஏற்றினார்களாம். அது மட்டுமில்லை. பர்மாவில் அவர்கள் சண்டைக்குப் போக வேண்டிய காலடான் பள்ளத்தாக்குக்கு வழியே இருக்கவில்லை. மண்வெட்டியும் பிக்காசுமாக எழுபத்தைந்து மைல் மலைப்பாதையை அந்த டிவிசனே வெட்டிக்கொண்டு போனதாம்.

குணேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கணவனிடம் தமிழில் சொன்னார்: "முதல் றோட்டுப் போட்டு, பிறகு சாமான் தூக்கி, மிச்ச நேரத்திலதான் சண்டையோ? உது ஆமியில்லை, கலியாண வீடு."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் போல்மன்.

"திட்டத்தைத் திருத்தலாம் என்கிறார்," என்றார் ஆனந்தராசா.

ஏழாவது திருத்தத்தில் சுமைகாரரின் தொகை முந்நூற்று நாற்பது ஆனது. அவ்வளவு உருவங்களுக்கு எங்கே போவது? விளையாட்டு ரயில் விற்கிற கடையில் மேடையில் நிற்கும் பயணிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தார்கள். தொப்பி போட்ட ஜேர்மன் கனவான்கள், கைப்பெட்டியோடு. அவர்கள் அளவில் சற்றுச் சிறியவர்கள். போல்மன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அளவு வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் விட்டார். ஆனந்தராசா கோட்டையும் தொப்பியையும் சீவியெறிந்தார். குணேஸ்வரி கழுத்தும் முழங்காலும் சரிபார்த்தார். கம்சனா தன் வேலையிடத்திலிருந்து பல் அச்செடுக்கும் பசை, திகதி முடிந்து எறிய வைத்திருந்ததை, வைத்தியரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதில் அரிசி மூட்டை, பெட்டி, தகரம், சுருட்டிய கூடாரம் எல்லாம் பிடித்தார்கள். காய்ந்தால் கல்லு மாதிரி. வீடு முழுக்க ஒரே புதினா வாசம்.

ஐப்பசி முடிய எல்லாம் தயாரானது. வரவேற்பறை நிலத்தில் முதல் தடவையாக முழு வரிசையையும் அடுக்கிப் பார்த்தார்கள். முன்னால் வழி வெட்டுகிறவர்கள், பிறகு துவக்குக்காரர், பிறகு ஒற்றை வரிசையில் சுமைகாரர். சோபாவில் தொடங்கிய டிவிசன் கதவைத் தாண்டிப் போய்க் குளியலறையில் முடிந்தது.

"மேசை இரண்டு மீற்றர்," என்றார் ஆனந்தராசா.

"அதை அங்க போய்ப் பாப்பம்," என்றார் குணேஸ்வரி.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பட்டினத்து விளையாட்டு மண்டபத்தில். சங்கத்துக்கு ஒரு மேசை. காடும் ஆறும் யப்பானியரும் யானையும் வைத்து முடிக்கவே மேசை நிறைந்துவிட்டது. டிவிசனின் தலைப்பகுதி மட்டும்தான் ஏறியது. வலப்பக்கத்து மேசையில் வேறொரு சங்கத்தின் பிரஷ்ய அணிவகுப்பு. அதன் தலைவரிடம் போல்மன் நாற்பது சென்ரிமீற்றர் கேட்டார். அவர் நான்குகூடக் கொடுக்கவில்லை. போல்மன் அளவு நாடாவோடு இங்கும் அங்கும் ஓடினார். குணேஸ்வரி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"யன்னல் விளிம்பு அகலம். அதால போகலாம். அது முடியிற இடத்தில கேக் மேசை. அங்க இடம் இருக்கு."

அப்படித்தான் போனது. மேசையிலிருந்து ஒரு பலகையால் யன்னலுக்கு ஏறி, விளிம்பு நெடுக நடந்து, கடைசிச் சுமைகாரர் நாற்பது பேரும் பிளம்ஸ் கேக்குக்கும் கோப்பிப் போத்தலுக்கும் நடுவே வந்து நின்றார்கள். வந்த சனம் எல்லாம் முதலில் கேக் வாங்கப் போனது. போன இடத்தில் வரிசையைக் கண்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க யன்னல் வழியாகப் பின்தொடர்ந்தது. பிரஷ்ய அணிவகுப்பின் முன்னால் யாரும் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். நெற்றியில் விளக்கு, கையில் பூதக்கண்ணாடி. துவக்குக்காரரின் தோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாராட்டாக ஒரு முனகல். பிறகு பேனையை எடுத்தார்.

"சிலந்தி தலைகீழாக இருக்கிறது. எல்லாவற்றிலும். சின்னம் பிழை."

போல்மனின் முகம் சிவந்தது. ஆனால் அவர் பேச முன்னம், சீருடைக்கும் அதிகாரத்துக்கும் முன்னால் வாயே திறக்காத ஆனந்தராசா திறந்தார்.

"பிழை இல்லை. ஒரு நிமிடம் நில்லுங்கள்."

பக்கத்தில் நின்ற கம்சனாவிடம் பேனை வாங்கி, விலை ஒட்டுகிற வட்டத் தாளொன்றில் சிலந்தி வரைந்து, தலை கீழாக வரும்படி தன் தோளில் ஒட்டினார். யாரோ சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

"கையைத் தொங்கவிட்டால் தலை கீழே. சரியா? இப்போது பாருங்கள்." குடையைத் துவக்குப் போலத் தூக்கிக் கையை முன்னால் நீட்டினார். "சிலந்தி எங்கே போகிறது?"

நடுவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "என்னை நோக்கி வருகிறது."

"அதுதான்," என்றார் ஆனந்தராசா. "அதற்காகத்தான் அப்படித் தைத்தார்கள்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் ஆனந்தராசா, நூறு பேருக்கு நடுவில் ஒரு மனிதனைக் குறிபார்த்துக்கொண்டு தான் நிற்பதை உணர்ந்தார். குடையைச் சுடுகிற சட்டியைப் போலக் கீழே போட்டார். காது இரண்டும் சூடேறின.

"கடைசியில ஆமியில சேர்ந்திட்டார்," என்றார் குணேஸ்வரி மகளிடம்.

நடுவர் நேர்மையானவர். சின்னத்துக்கு வெட்டிய புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, காட்சி மேசையைத் தாண்டி ஏழு மீற்றர் போயிருக்கிறது, அதில் ஒரு பகுதி உணவுப் பொருட்களுக்கு நடுவில் இருக்கிறது என்று சொல்லி, அதைவிடக் கூடப் புள்ளிகளை வெட்டினார். முடிவில் ஐந்து சங்கங்களில் அவர்களுக்கு நான்காவது இடம். ஐந்தாவது சங்கம் வரவே இல்லை. பிரஷ்யர்களுக்கு முதலிடம். போல்மன் பதினொரு பக்கத்தில் ஆட்சேபம் எழுதி அனுப்பினார். இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் அதெல்லாம் பின்னேரம். மூன்று மணிக்கு லமின் வந்தான். கேக் இருக்கும் என்று சொன்னதால் வந்தான். வரிசையைக் கடைசி ஆள்வரை நடந்து பார்த்தான். பிறகு கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஊரில் இருக்கும் தகப்பனுக்கு அனுப்பினான். கோப்பி குடித்து முடிக்க முதல் குரல் பதில் வந்தது. லமின் அதை இரண்டு தரம் கேட்டான்.

"அப்பாவின் பெரியப்பா பர்மாவுக்குப் போய் வந்தவராம். எனக்கே இன்றைக்குத்தான் சொல்கிறார். இதில் அவர் எது என்று கேட்கிறார்."

"துவக்கா, மூட்டையா?" என்று கேட்டார் ஆனந்தராசா.

லமின் கேட்டனுப்பினான். பதில் வந்தது. "அது தெரியாதாம். சண்டையைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லையாம். மழைக்காலம் வந்தால் கழுத்து நோகிறது என்று மட்டும் சொல்வாராம்."

லமின் சொன்னதைக் கேட்டதும் குணேஸ்வரி எழுந்து யன்னலுக்குப் போனார். வரிசை நெடுக மெல்ல நடந்து, நடுவில் ஓரிடத்தில் நின்று, ஒரு சுமைகாரனை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வந்து லமினின் உள்ளங்கையில் வைத்தார்.

"இவர்தான் என்று சொல்லு."

"எப்படித் தெரியும்?"

"நீ சொல்லு."

லமின் உருவத்தைக் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான். மார்கழியில் ஊருக்குப் போனபோது, பல் அச்சு வைக்கும் சிறிய பெட்டியில் பஞ்சு வைத்து ஆளையே கொண்டுபோனான். தகப்பன் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்திருக்கிறாராம். வருகிறவர்களிடம் எல்லாம், ஜேர்மனியில் பெரியப்பாவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றை எங்களுக்கும் அனுப்பினார்கள் என்று சொல்கிறாராம். லமின் திருத்தப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

சங்கத்தின் பொருட்பட்டியலில் போல்மன் அந்த ஒருவரை இழப்பு என்றும் எழுதவில்லை, அன்பளிப்பு என்றும் எழுதவில்லை. யோசித்துப் பார்த்து, "ஊருக்கு அனுப்பப்பட்டார்" என்று எழுதினார்.

தை மாதக் கூட்டத்தில் இந்த வருடத்துக்குக் கடற்போர் ஒன்று செய்யலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். குணேஸ்வரி இப்போது எட்டாவது உறுப்பினர். கடல் பிறகு நிற்கட்டும் என்றார். சுமைகாரருக்கு இன்னும் சமையல் இடம் கட்டவில்லை, காயக்காரரைக் கிடத்த ஒரு கொட்டில் இல்லை, விமானம் இறங்கக் காட்டை வெட்டித் துப்புரவாக்க வேண்டும், அதற்கு இன்னும் நூறு பேராவது வேண்டும். வாக்கெடுப்பில் ஒருவரும் எதிர்க்கவில்லை. யானைக்காரர் மட்டும், யானை வருமா என்று கேட்டார். வரும் என்று குணேஸ்வரி சொன்னார்.

அன்றிலிருந்து அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் பாதி விமானத்தளம். மறு பாதியில் பசை காய்கிறது. கம்சனாவும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடிதான் சாப்பிடுகிறார்கள்.